அறுந்த காதைத் தைப்பதா, ஒட்டுவதா? ஆவணிக் கல்யாணத்துக்குள் முடியுமா?

நந்தியாவட்டை
ஜூன் 14, இரவு 9.52

மேற்கு மாம்பலத்திலிருந்து எழுதுகிறேன். வயது 43. கல்யாணமான நாளிலிருந்து காதில் கனமான ஜிமிக்கிதான். வலது காதின் துளை கீழ்நோக்கி நீண்டு, ஒரு நெல்மணி செங்குத்தாக நிற்கும் அளவுக்கு ஆகிவிட்டது. அடியில் நூலளவு சதைதான் பாக்கி. இடது காதில் அதுவும் இல்லை. சித்திரை மாதம் தலை துவட்டும்போது ஈரிழைத் துண்டில் கம்மல் மாட்டிக்கொண்டது. சுருக்கென்று ஒரு வலி, இரண்டு சொட்டு இரத்தம், அவ்வளவுதான். கண்ணாடியில் பார்த்தால் காதுச் சோணை பாம்பு நாக்கு போலப் பிளந்து நிற்கிறது.

புத்தி கெட்டுப்போய் ஒரு பியூட்டி பார்லருக்குப் போனேன். தையல் இல்லை, ஊசி இல்லை, ஒரு மணி நேரத்தில் ஒட்டித் தருகிறோம், காதுக்கு 1,500 ரூபாய் என்றார்கள். முதலில் வலது காதுத் துளைக்குள் ஏதோ ஒரு திரவத்தைக் குச்சியால் தடவினார்கள். எரிந்தது. வெளுத்தது, பிறகு கறுத்துப் பொருக்குக் கட்டியது. பத்தாம் நாள் பொருக்கு உதிர்ந்தபோது துளை முன்னைவிடப் பெரியதாகியிருந்தது. இடது காதைக் கொடுக்காமல் தப்பினேன்.

செப்டம்பர் முதல் வாரம் அண்ணன் மகள் கல்யாணம். அத்தை முறைக்காரி வெறுங்காதோடு மணமேடையில் நிற்க முடியுமா? ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற செவிலி
ஜூன் 14, இரவு 10.40

அறுவை அரங்கில் 31 ஆண்டுகள் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் காது ஏன் ஒட்டவில்லை என்பது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

காது குத்திய சில வாரங்களில் அந்தத் துளையின் உட்சுவர் முழுவதும் தோல் வளர்ந்து மூடிவிடுகிறது. அதனால்தான் கம்மலைக் கழற்றினாலும் இரத்தம் வருவதில்லை. தோலோடு தோல் எத்தனை நாள் சேர்ந்திருந்தாலும் ஒட்டாது. இரவு முழுவதும் உதட்டை மூடிக்கொண்டுதான் தூங்குகிறோம். விடிந்ததும் உதடு ஒட்டியா கிடக்கிறது? ஆகவே அந்த உட்தோலைக் கத்தியால் செதுக்கி எடுத்து, இரண்டு பக்கமும் பச்சைப் புண்ணாக்கி, பிறகு சேர்த்துத் தைக்க வேண்டும். இரத்தம் கசியும் சதைதான் கூடும், ஆறிய சதை கூடாது. காது தைக்கும் வித்தை மொத்தமும் இதற்குள் அடக்கம்.

பார்லரில் தடவியது அமிலமாக இருக்கும். சிறிய துளைகளுக்கு டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தை அளவாகத் தொட்டு வைக்கும் தோல் மருத்துவர்கள் உண்டு. அதே உட்தோலைக் கத்திக்குப் பதிலாக அமிலத்தால் எடுக்கிறார்கள். ஆனால் எவ்வளவு அடர்த்தி, எத்தனை நொடி, எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர் கையில்தான் அது மருந்து. அடியில் நூலளவு சதை நிற்கும் காதுக்கு அதைத் தொடவே கூடாது.


தாம்பரம் தாத்தா
ஜூன் 15, காலை 6.05

வெறுங்காதோடு போனால் என்ன அம்மா? மணமக்களைப் பார்க்க வருகிறவர்கள் உங்கள் காதையா பார்க்கப் போகிறார்கள்.


நந்தியாவட்டை
ஜூன் 15, காலை 6.31

ஐயா, நீங்கள் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களுக்கு வந்ததில்லை என்று தெரிகிறது.


குரோம்பேட்டைவாசி
ஜூன் 15, மதியம் 1.20

என் மனைவியின் கதை வேறு விதம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பேருந்து நிறுத்தத்தில் நின்றவளின் தொங்கட்டானை பைக்கில் வந்த ஒருவன் பிடுங்கிக்கொண்டு போனான். சோணை கிழிந்து தொங்கியது. அருகிலிருந்த பூக்காரம்மா தன் முந்தானையைச் சுருட்டி அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஒன்றரை மணி நேரத்தில் மருத்துவமனையில் கழுவித் தைத்து, டெட்டனஸ் ஊசியும் போட்டார்கள். செவிலி அம்மா சொன்னதுதான் சரி: பச்சைக் காயமாக இருந்ததால் செதுக்கும் வேலை அதிகம் இல்லை, நன்றாகவே கூடியது. இப்படி நேர்ந்தால் மஞ்சள், காப்பித்தூள் எதையும் அப்பாமல் சுத்தமான துணியால் அழுத்திக்கொண்டு அன்றைக்கே ஓடுங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அழகுக்காகச் செய்யும் அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்காது. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிறகு செய்யும் சீரமைப்பு அந்த விலக்குக்குள் வராது. நாங்கள் கேட்டபோது காப்பீட்டு நிறுவனம் முதலில் 'காது தைப்பது அழகு சிகிச்சை' என்றே பதில் எழுதியது. முதல் தகவல் அறிக்கையையும் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலையும் இணைத்து மறுபடி அனுப்பிய பிறகுதான் பெரும்பகுதி கிடைத்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்புக்கென்றே 304ஆவது பிரிவு இருக்கிறது. வெறும் 'நகை காணவில்லை' என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

உங்களுக்குத் துண்டில் மாட்டியது, சகோதரி. துண்டின் மேல் வழக்குப் போட முடியாது.


பாம்படத்தின் பேரன்
ஜூன் 15, இரவு 11.15

எனக்கும் இதே கவலைதான், ஆனால் நானே தேடிக்கொண்டது. கல்லூரியில் படிக்கும்போது இரண்டு காதிலும் வளையம் போட்டுச் சிறிது சிறிதாகப் பெரிதாக்கி 14 மில்லிமீட்டர் வரை கொண்டுவந்தேன். சுண்டுவிரல் நுழையும். இப்போது வயது 27, வீட்டில் பெண் பார்க்கிறார்கள். வளையத்தைக் கழற்றி ஏழு மாதம் ஆகிறது. வலது காது ஓரளவு சுருங்கிவிட்டது. இடது காது வாய் பிளந்து சிரிக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஆச்சி கோவில்பட்டிப் பக்கம். சிறு வயதிலேயே காது குத்தி, குணுக்கு மாட்டிக் காது வளர்த்து, தோளைத் தொடும் காதில் பாம்படம் போட்டிருந்தவர். மாமாவுக்குச் சென்னையில் வேலை கிடைத்து இங்கே குடிவந்தபோது, தெருவில் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள் என்று கூசிப்போய், தொங்கிய சதையை வெட்டித் தைத்துக்கொண்டார். பாம்படத்தை உருக்கி சித்தியின் கல்யாணத்துக்கு வளையல் செய்தார்கள். என் காதைப் பார்த்த அன்று ஆச்சி கேட்டது ஒரே கேள்வி: 'ஏலே, நான் காசு கொடுத்து அறுத்துப் போட்டதை நீ காசு கொடுத்து வாங்கிட்டு வந்திருக்கியா?' பேச்சு வழக்கில் எழுதியதற்கு மன்னிக்கவும், ஆச்சியை எழுத்துத் தமிழில் பேசவைக்க எனக்குத் தைரியம் இல்லை.


மூன்றாம் ஆண்டு முதுநிலை
ஜூன் 16, நள்ளிரவு 12.50

பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை படித்துக்கொண்டிருக்கிறேன். பணி முடிந்து வந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நந்தியாவட்டை அவர்களுக்கு: வலது காதில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த நூலளவு சதையையும் மருத்துவர் வெட்டிவிடக்கூடும். 'இருந்ததையும் அறுத்துவிட்டாரே' என்று பதறாதீர்கள். அந்த மெல்லிய பாலத்தை வைத்துக்கொண்டு தைத்தால் அது மறுபடி இழுபடும். முழுப் பிளவாக்கி, பிறகு முழுவதையும் சேர்ப்பதுதான் உறுதி.

இன்னொன்று, தழும்பு நீளவாக்கில் சுருங்கும். நேர்கோடாகத் தைத்தால் ஆறும்போது அது சோணையின் விளிம்பை மேலே இழுத்து, அடியில் ஒரு சிறு பள்ளம் விழலாம். அதைத் தவிர்க்கத்தான் சிலருக்கு விளிம்பில் கோணலாக, படிக்கட்டு போல அல்லது மின்னல் கோடு போல வெட்டிக் கோப்பார்கள். எல்லாக் காதுக்கும் அது தேவையில்லை. ஆலோசனைக்குப் போகும்போது 'விளிம்பில் பள்ளம் விழாமல் எப்படித் தைப்பீர்கள்?' என்று கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே எத்தனை காது தைத்தவர் என்பது தெரிந்துவிடும்.

பேரனுக்கு: வளர்த்த காதில் சதை குறைவில்லை, மிகுதி. மிகுதியை வெட்டி, மீதியைச் சுருட்டிப் புதுச் சோணை உருவாக்க வேண்டும். தழும்பு கூடுதல், நேரமும் கூடுதல். ஆனால் இது நமக்குப் புதிதல்ல. பழைய ஆயுர்வேத அறுவை நூலான சுசுருத சம்ஹிதையில், சூத்திரஸ்தானம் என்ற பகுதியின் 16ஆவது அத்தியாயம் பெரும்பாலும் காதைப் பற்றியது. அறுந்த காதைச் சேர்க்க 15 முறைகள் சொல்கிறது. விளிம்பைச் செதுக்கிப் பச்சையாக்கிய பிறகே சேர்க்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது என்னவென்றால், காது குத்துவது, திரியைத் தடிமனாக்கிக்கொண்டே போய்த் துளையை வளர்ப்பது, அறுந்தால் ஒட்டுவது, எல்லாம் ஒரே அத்தியாயத்தில் வரிசையாக வருகின்றன. வளர்த்தால் அறுக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.


ஓய்வுபெற்ற செவிலி
ஜூன் 16, காலை 7.10

தம்பி சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். தைப்பதற்கு முன்பு சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும், தாங்களாக நிறுத்திவிட்டுப் போய்ப் படுக்கக் கூடாது.


சாந்தோம் அலை
ஜூன் 16, மாலை 5.45

எல்லோரும் தைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். தழும்பு வளரும் உடம்புக்காரர்களை மறந்துவிட்டீர்கள். மேல்காதில் ஆசையாக ஒரு துளை குத்திக்கொண்டேன். ஆறு மாதத்தில் அங்கே புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. அதுதான் கெலாய்டு. வெட்டினார்கள், ஒரே ஆண்டில் மறுபடி வளர்ந்தது. இரண்டாம் முறை வெட்டியபோது கூடவே டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை மாதம் ஒரு முறை கட்டிக்குள்ளேயே போட்டார்கள். அந்த ஊசி வலிக்கும், இனிப்பாகச் சொல்ல மாட்டேன். இப்போது அடங்கியிருக்கிறது. நம் போன்ற மாநிறத் தோலுக்கு இது வெள்ளைக்காரர்களைவிட அதிகம் வரும். அம்மைத் தடுப்பூசித் தழும்பு, பழைய ஆபரேஷன் தழும்பு ஏதாவது புடைத்துத் தடித்திருந்தாலோ, அம்மாவுக்கோ அக்காவுக்கோ அப்படி இருந்தாலோ, கத்தி வைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.


வடக்கு மாடவீதி ஆசாரி
ஜூன் 17, இரவு 8.30

நாற்பது ஆண்டுகளாக மயிலாப்பூரில் நகை வேலை. காது அறுந்தவர்கள் முதலில் வருவது எங்களிடம்தான். கம்மலைக் கொண்டுவந்து 'இது காதில் நிற்கவில்லை, பின்னால் பெரிய தட்டு வையுங்கள்' என்பார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு சவரன் 8 கிராம். மூன்று சவரன் ஜிமிக்கி என்றால் ஒரு காதுக்கு 12 கிராம். கடையில் கண்ணாடி முன்னால் ஐந்து நிமிடம் போட்டுப் பார்க்கும்போது அது தெரியாது. முகூர்த்தத்துக்குப் போட்டு, பந்திக்குப் போட்டு, வரவேற்பு முடிந்து நள்ளிரவில் கழற்றும்போது தெரியும். கனத்தைவிட மோசமானது, கனத்தை எதில் தொங்கவிடுகிறோம் என்பது. திருகாணித் தண்டு தடிமனாக இருக்கும், மரை வெட்ட வேண்டுமல்லவா? அது துளையைப் பெரிதாக்கும், ஆனால் அறுக்காது. மெல்லிய கொக்கிக் கம்பியில் கனத்தைத் தொங்கவிட்டால், வெந்த முட்டையை நூலால் அறுப்பது போல மெதுவாக அறுத்துக்கொண்டே வரும். கவரிங் நகையின் நிக்கல் சிலருக்கு அரிப்பைக் கொடுக்கும். அரித்துப் புண்ணான துளை இன்னும் வேகமாக இறங்கும்.

மாட்டல் என்று ஒன்று எதற்காக வைத்தார்கள்? ஜிமிக்கியின் கனத்தைக் காதிலிருந்து எடுத்து முடியில் ஏற்றுவதற்கு. இப்போது போடுகிறவர்களைப் பாருங்கள், மாட்டல் தொய்ந்து வளைந்து அழகாக ஆடிக்கொண்டிருக்கும். தொய்ந்த மாட்டல் ஒரு குன்றிமணிக் கனத்தைக்கூடத் தாங்காது. விறைப்பாக இழுத்து முடியில் குத்தினால்தான் அது மாட்டல், இல்லாவிட்டால் இன்னொரு நகை, அதன் கனமும் சேர்த்துக் காதுக்கு.


தாம்பரம் தாத்தா
ஜூன் 18, காலை 6.02

ஆசாரி ஐயா சொன்னதை வீட்டில் படித்துக் காட்டினேன். இன்று காலை எனக்குக் காப்பி சரியாக வரவில்லை.


நந்தியாவட்டை
ஜூன் 21, இரவு 9.15

மூன்று இடங்களில் விசாரித்துவிட்டேன். தனியாரில் ஒரு காதுக்கு 6,000 முதல் 15,000 வரை சொல்கிறார்கள். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மூன்றிலும் பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சைத் துறை இருக்கிறது. ஆனால் தீக்காயத்துக்கும் நசுங்கிய கைக்கும் முன்னால் என் காது வரிசையில் நிற்பதுதான் நியாயம், அதற்கு எனக்கு நாள் இல்லை.

இப்போது மாமியார் ஒரு சிக்கலைக் கிளப்பியிருக்கிறார். ஆடி பிறக்கப் போகிறது, நல்ல காரியம் செய்யக் கூடாதாம். காது தைப்பது நல்ல காரியமா, கெட்ட காரியமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, எதற்கும் ஆனிக்குள் முடித்துக்கொள் என்றார். ஜூலை 3 நாள் வாங்கிவிட்டேன்.


நந்தியாவட்டை
ஜூலை 5, மாலை 4.40

முடிந்தது. ஒரு கையால் தட்டச்சு செய்கிறேன், மறுகையில் தலையணை.

எல்லோரும் வலியைப் பற்றிச் சொன்னீர்கள், சத்தத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மரத்துப்போக ஊசி போட்டபோது எறும்புக் கூட்டம் கடித்தாற்போல எரிந்தது, பிறகு ஒன்றுமில்லை. ஆனால் வேலை நடக்கும் இடமே காது. கத்தரிக்கோல் சதையை நறுக்கும் ஒலி, தட்டில் பஞ்சு விழும் ஒலி, எல்லாம் கேட்டன. எல்லாவற்றையும்விட, நைலான் நூல் சோணைக்குள் இழுபடும்போது சரசரவென்று ஒரு சத்தம், பழைய பாயில் ஊசி ஏற்றுவது போல. வலி துளியும் இல்லை, அந்தச் சத்தத்தில்தான் எனக்கு உள்ளங்கை வியர்த்தது. இரண்டு காதுக்கும் ஐம்பது நிமிடம். தம்பி சொன்னபடியே வலது காதின் அந்தப் பாலத்தையும் வெட்டிவிட்டார், நான் பதறவில்லை. பள்ளம் பற்றிய கேள்வியைக் கேட்டேன். மருத்துவர் ஒரு தாளை எடுத்துப் படிக்கட்டு போல வரைந்து காட்டினார்.

வெட்டி எடுத்த தோலைப் பார்க்க வேண்டும் என்றேன். வெங்காயச் சருகு போல இரண்டு சிறு துண்டுகள். இருபது ஆண்டு ஜிமிக்கியின் பாதை அது.


ஓய்வுபெற்ற செவிலி
ஜூலை 5, மாலை 5.20

நல்லது. ஹெல்மெட்டை மறந்துவிடாதீர்கள். தையல் பிரிந்து திரும்பி வந்த காதுகளில் பல ஹெல்மெட்டைக் கழற்றும்போது பிரிந்தவை. தையல் பிரித்த பிறகும் சில வாரங்களுக்கு ஸ்கூட்டரைத் தொடாதீர்கள், பின்னிருக்கையிலும் வேண்டாம். தலைவழியாகப் போடும் சட்டை, சுடிதார் எதுவும் வேண்டாம், முன்பக்கம் பொத்தான் வைத்தது போடுங்கள். கைப்பேசியைக் காதில் வைக்காமல் ஒலிபெருக்கியில் பேசுங்கள். சாயமும் எண்ணெயும் தலைக்குக் காத்திருக்கட்டும்.


நந்தியாவட்டை
ஜூலை 11, இரவு 8.05

தையல் பிரித்தாயிற்று, எட்டாம் நாள். அலுவலகத்துக்கு மெட்ரோவில் போகிறேன். கோடு சிவப்பாக, தொட்டால் கடினமாக இருக்கிறது. மறுபடி காது குத்துவதற்கு மூன்று மாதம் முடிய வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அப்படியானால் கல்யாணத்துக்கு இல்லை. நாட்டியத்துக்குப் போடும் அழுத்துக் கம்மல் போடலாமா?


மூன்றாம் ஆண்டு முதுநிலை
ஜூலை 12, காலை 1.15

வேண்டாம். புதுத் தழும்பைக் கவ்வி அழுத்தி ஆறு மணி நேரம் இழுக்கும் பொருள் அது. முழுதாக முதிர்ந்த தழும்பேகூடப் பழைய தோலின் பலத்தில் சுமார் 80 சதவீதத்தைத் தாண்டாது. உங்களுடையது இன்னும் குழந்தை. மறுபடி குத்தும்போதும் அந்தக் கோட்டின் மேல் குத்தாமல் பக்கத்தில், நல்ல சதையில் குத்தச் சொல்லுங்கள்.


சாந்தோம் அலை
ஜூலை 12, காலை 9.30

சிலர் ஆறு வாரத்திலேயே குத்திவிடுகிறார்கள். என் தோழிக்கு அப்படித்தான் செய்தார்கள், ஒன்றும் ஆகவில்லை.


ஓய்வுபெற்ற செவிலி
ஜூலை 12, காலை 9.48

ஒன்றும் ஆகாத காதுகள் வீட்டில் இருக்கும் அம்மா, ஆனவைதான் எங்களிடம் வரும். எனக்கு மூன்று மாதம்தான் சரி.


நந்தியாவட்டை
செப்டம்பர் 7, இரவு 10.20

கல்யாணம் நன்றாக நடந்தது. வெறுங்காதோடுதான் நின்றேன். கழுத்தில் எல்லாம் போட்டு, காதில் ஒன்றுமில்லாமல். 'கம்மல் எங்கே?' என்று பதினொரு பேர் கேட்டார்கள், எண்ணிக்கொண்டேன். பதினோராவது ஆள் மாப்பிள்ளை வீட்டுப் பாட்டி, விளாத்திகுளம் பக்கம். கேட்டுவிட்டு நிற்காமல் கிட்டே வந்து, கண்ணாடியைக் கழற்றி என் சோணையை விரலால் உருட்டிப் பார்த்தார். பிறகு தன் காதை மடக்கிக் காட்டினார். அங்கேயும் விளிம்புவரை ஒரு வெள்ளைக் கோடு. அறுபது ஆண்டுப் பழையதாம். பக்கத்தில் ஒரு சிறு கல் மூக்குத்தி அளவில் கம்மல். 'உனக்குக் கோடு நேராக இல்லையே, கோணலாகத் தைத்துவிட்டானே' என்று வருத்தப்பட்டார். படிக்கட்டுத் தையலைப் பற்றி விளக்கினேன். நம்பியதாகத் தெரியவில்லை.


பாம்படத்தின் பேரன்
செப்டம்பர் 7, இரவு 10.55

அக்கா, அந்தப் பாட்டிக்கு அக்கா தங்கை யாராவது கோவில்பட்டியில் உண்டா என்று விசாரியுங்கள். எனக்கு ஐப்பசியில் நாள் கொடுத்திருக்கிறார்கள். ஆச்சி துணைக்கு வருகிறேன் என்று அடம்பிடிக்கிறார்.


நந்தியாவட்டை
நவம்பர் 16, மாலை 6.30

இன்று காலை குத்திக்கொண்டேன். நான்கு மாதம் முடிந்து 13 நாட்கள். கோட்டுக்குச் சற்று உள்ளே, முகத்தின் பக்கமாக. பொட்டு அளவில் ஒரு கல், இரண்டும் சேர்ந்து ஒரு கிராம்கூட இல்லை. விளிம்பில் பள்ளம் விழவில்லை. வலது கோடு ஏறக்குறைய மறைந்துவிட்டது, இடது கோடு வெயிலில் தெரிகிறது.

ஆசாரி ஐயா, அந்த மூன்று சவரன் ஜிமிக்கியை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் வடக்கு மாடவீதிக்கு வருகிறேன். உள்ளே கூடாக, எடை குறைத்துச் செய்ய முடியுமா? மிச்சத் தங்கத்தில் என்ன செய்யலாம் என்று மாமியார் ஏற்கெனவே மூன்று யோசனை வைத்திருக்கிறார்.


வடக்கு மாடவீதி ஆசாரி
நவம்பர் 16, இரவு 8.50

வாருங்கள் அம்மா. மாட்டலையும் மறக்காமல் எடுத்து வாருங்கள், அதன் நீளத்தில் அரை அங்குலத்தை வெட்டிவிடுகிறேன்.